தயக்கம் சொல்லும் சேதி

மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தெற்குப் பக்கம் இருப்பவர் இஸ்பேட் ஜாக்கியை இறக்குகிறார். அடுத்து ஆட வேண்டியவர் மேற்கில் இருப்பவர். அவருடைய விரல்கள் ஒரு சீட்டைத் தொடுகின்றன, நிற்கின்றன, பக்கத்துச் சீட்டுக்கு நகர்கின்றன. பிறகு பழைய சீட்டுக்கே திரும்பி வந்து அதை எடுத்துப் போடுகின்றன. விழுந்தது ஒரு சின்னச் சீட்டு. எல்லாமாகச் சேர்ந்து மூன்று விநாடி ஆகியிருந்தால் அதிகம். ஆனால் தெற்கில் இருப்பவருக்கு அது போதும். "இஸ்பேட் ராணி இவரிடம்தான் இருக்கிறது" என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிடுகிறார்.

அவர் மேற்கின் சீட்டுகளை எட்டிப் பார்க்கவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை. எதிராளியின் கை தயங்கியதைக் கண்டார், அவ்வளவுதான். அதைக் கொண்டு ஆட்டத்தை வெல்வது நியாயமா? இது வெறும் சீட்டாட்டச் சண்டை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்தக் கேள்விக்குள் உளவியல் இருக்கிறது, நிகழ்தகவுக் கணக்கு இருக்கிறது, செய்தித் தொடர்பு இயல் இருக்கிறது. ஓர் உலகப் போட்டியில் நாடுகளுக்கிடையே மனக்கசப்பை உண்டாக்கிய வழக்கும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முப்பத்தெட்டுச் சொற்கள் கொண்ட மொழி

பிரிட்ஜ் என்னும் ஆட்டத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். பிரிட்ஜும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 52 சீட்டுகளும் நால்வருக்கும் 13 வீதம் பகிரப்படும். எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு கட்சி. வடக்கும் தெற்கும் ஒரு ஜோடி, கிழக்கும் மேற்கும் ஒரு ஜோடி. ஆளுக்கொரு சீட்டாக நான்கு சீட்டு விழுந்தால் ஒரு பிடி. மொத்தம் 13 பிடிகள். எத்தனை பிடி எடுப்போம், எந்த வகை துருப்பு என்பதை முதலில் ஏலம் கேட்டு முடிவு செய்கிறார்கள். ஏலத்தை எடுத்தவருடைய கூட்டாளி தன் சீட்டுகளை மேசைமேல் திறந்து வைத்துவிட்டு ஓய்வெடுப்பார். அவருக்கு டம்மி என்று பெயர்.

இன்று ஆடப்படும் காண்ட்ராக்ட் பிரிட்ஜுக்கு அமெரிக்கரான ஹெரால்டு வாண்டர்பில்ட் 1925ஆம் ஆண்டில் பனாமாக் கால்வாய் வழியாகச் சென்ற ஒரு கப்பல் பயணத்தின்போது வடிவம் கொடுத்தார். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜும் இடம்பெற்றது. அதில் ஆடவர் ஜோடிப் பிரிவில் தங்கப் பதக்கம் பெற்றவர்கள் இந்தியாவின் பிரணாப் வர்தன், சிப்நாத் சர்க்கார் ஆகியோர். அப்போது வர்தனுக்கு வயது 60, சர்க்காருக்கு 56. வேறெந்த விளையாட்டில் இந்த வயதில் தங்கம் கிடைக்கும்?

போட்டிகளில் ஆடும் பிரிட்ஜில் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு. ஒரே பகிர்வை அப்படியே பாதுகாத்து வெவ்வேறு மேசைகளில் வெவ்வேறு ஜோடிகளை ஆடச் செய்வார்கள். உங்களுக்கு மோசமான சீட்டு வந்தால், அடுத்த மேசையில் அதே இடத்தில் இருப்பவருக்கும் அதே மோசமான சீட்டுதான். ஆகவே வெற்றியைத் தீர்மானிப்பது, மறைந்திருக்கும் சீட்டுகளை யார் நன்றாக ஊகிக்கிறார் என்பதே. அதாவது, தகவல்.

எவ்வளவு தகவல்? நீங்கள் உங்கள் 13 சீட்டுகளைப் பார்த்துவிட்டீர்கள். மீதி 39இல் எந்த 13 உங்கள் கூட்டாளியிடம் இருக்கலாம்? கணக்குப் போட்டால் 812 கோடியே 24 லட்சத்து 25 ஆயிரத்து 444 வகைகள் வருகின்றன. 'ஆம், இல்லை' என்று மட்டும் பதில் வரக்கூடிய கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே போய் இதில் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் 33 கேள்விகள் வேண்டும் (2ஐ 33 தடவை பெருக்கினால் 858 கோடிக்குச் சற்று மேல் வருகிறது, பாருங்கள்). கிளாட் ஷானன் 1948இல் நிறுவிய தகவல் கோட்பாட்டின் மொழியில் ஒவ்வோர் ஆம்-இல்லையும் ஒரு 'பிட்' ஆகும்.

இத்தனையையும் கூட்டாளிக்கு எப்படிச் சொல்வது? ஏலத்தில் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட சொற்கள் மிகக் குறைவு. ஒன்று முதல் ஏழு வரை எண்கள். ஒவ்வொன்றுடனும் நான்கு வகைச் சீட்டில் ஒன்றோ, 'துருப்பு இல்லை' என்பதோ சேரும். ஆக 7 x 5 = 35. இவற்றோடு 'பாஸ்', 'டபுள்', 'ரீடபுள்' என்ற மூன்று. மொத்தம் 38 சொற்கள்! இந்த 38ஐ வைத்துக்கொண்டு இருவரும் எவ்வளவு நுட்பமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் பிரிட்ஜின் அழகு முழுவதும்.

இப்போது ஒருவர் ஒவ்வொரு சொல்லையும் வலுவான சீட்டு இருக்கும்போது இழுத்தும், வெற்றுச் சீட்டு இருக்கும்போது சட்டென்றும் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே 38 சொற்கள் 76 ஆகிவிடுகின்றன. ஒரு பிட் தகவல் கள்ளத்தனமாகக் கூடிவிட்டது. ஒரு பிட்தானே என்கிறீர்களா? அதே ஒரு பிட்டைச் சேர்க்க நேர்மையான ஜோடி மாதக்கணக்கில் உட்கார்ந்து ஏல முறைகளைப் பயில வேண்டியிருக்கும்.

கை ஏன் தயங்குகிறது?

தயக்கம் நம் விருப்பத்தால் வருவதன்று. டச்சு நாட்டு உடலியல் அறிஞர் டாண்டர்ஸ் 1868இலேயே இதை அளந்து காட்டினார். ஒரே தூண்டலுக்கு ஒரே விதமாகப் பதில் தரும்போது ஆகும் நேரத்தைவிட, பல தூண்டல்களுள் எது வந்தது என்று கண்டு அதற்கேற்பப் பதில் தரும்போது அதிக நேரம் ஆகிறது. மிகுதியான அந்த நேரம் மூளை தேர்ந்தெடுக்க எடுத்துக்கொள்வது. 1952இல் ஆங்கில உளவியல் அறிஞர் ஹிக், சிறு விளக்குகளையும் அவற்றுக்குரிய விசைகளையும் வைத்துச் சோதித்து இதற்கு ஒரு விதியும் கண்டார். தேர்வுகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் நேரம் ஏறக்குறைய ஒரே அளவு கூடுகிறது. அதாவது நேரம் மடக்கையைப் பின்பற்றிச் செல்கிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சீட்டுக்கட்டை நன்றாகக் கலைத்து முகம் மேலே தெரியும்படி கையில் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் எதையும் பாராமல் ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என்று 52ஐயும் இரண்டு குவியலாகப் போடுங்கள். நண்பர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்கட்டும். மறுபடி கலைத்து, சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் என்று பிரியுங்கள். மூன்றாவது தடவை இஸ்பேட், ஆட்டின், டைமண்ட், கிளாவர் என நான்காகப் பிரியுங்கள். முதல் நேரம் வெறும் கை வேலைக்கு உரியது. அதை மற்ற இரண்டிலிருந்தும் கழித்து 52ஆல் வகுத்தால், ஒரு சீட்டுக்கு உங்கள் மூளை எடுத்துக்கொண்ட முடிவு நேரம் கிடைக்கும். நான்கு குவியலுக்கான முடிவு நேரம் இரண்டு குவியலுக்கானதைப்போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். மூன்று நான்கு தடவை செய்து சராசரி எடுப்பது நல்லது, ஏனென்றால் பழகப் பழக வேகம் கூடிவிடும்.

மேசைக்குத் திரும்புவோம். மேற்கில் இருப்பவரிடம் இஸ்பேட்டில் ராணி இல்லாமல் இரண்டு சின்னச் சீட்டுகள் மட்டும் இருந்தால் அவருக்கு யோசிக்க எதுவுமில்லை, ஏதோ ஒன்றைப் போடுவார். ராணி இருந்தாலோ, "ஜாக்கிமேல் ராணியைப் போட்டு மூடலாமா, விடலாமா?" என்ற கேள்வி எழுகிறது. கேள்வி எழுந்தால் நேரம் பிடிக்கும். நேரம் பிடித்தால் வெளியே தெரியும். ஆக, மறைக்க வேண்டிய இரகசியமே கையைத் தயங்க வைக்கிறது!

தயக்கத்தை எடை போடுதல்

தெற்கிடமும் டம்மியிடமுமாக இஸ்பேட்டில் ஏஸ், ராஜா, ஜாக்கி, பத்து, ஒன்பது உட்பட எட்டுச் சீட்டுகள் உள்ளன என்க. ராணியும் வேறு நான்கும் எதிரிகளிடம். மேற்கிடம் ராணி இருந்தால் டம்மியில் சின்னச் சீட்டைப் போட்டு ஜாக்கியை ஓட விட வேண்டும். கிழக்கிடம் இருந்தால் டம்மியின் ராஜாவை எடுத்து, அடுத்த சுற்றில் கிழக்கை மடக்க வேண்டும். வேறு தகவல் இல்லையென்றால் ஐம்பதுக்கு ஐம்பது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. மேற்கில் இருப்பவர் ராணி இருக்கும்போது 100க்கு 40 தடவை தயங்குபவர், இல்லாதபோது வேறு ஏதோ யோசனையில் 100க்கு 10 தடவை தயங்குபவர் என்று வைத்துக்கொள்வோம். ராணி உள்ள 100 ஆட்டங்களையும் இல்லாத 100 ஆட்டங்களையும் சேர்த்து 200 ஆட்டங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தயக்கம் 50 தடவை வரும். அதில் 40இல் ராணி இருக்கும். ஆகவே தயக்கத்தைக் கண்டபின் ராணி அவரிடம் இருக்கும் நிகழ்தகவு 80 விழுக்காடு. தயங்காமல் ஆடியவை 150. அவற்றுள் ராணி உள்ளவை 60, அதாவது 40 விழுக்காடு. தயங்காததும் ஒரு செய்திதான், ஆனால் மெல்லிய செய்தி. இப்படிப் புதுச் சான்று வந்ததும் பழைய நிகழ்தகவைத் திருத்துவதற்குப் பேயஸ் தேற்றம் என்று பெயர்.

40, 10 என்ற எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கைதேர்ந்த ஆட்டக்காரர் ராணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 100க்கு 5 தடவையே தயங்குகிறார் என்றால் நிகழ்தகவு 50 விழுக்காட்டை விட்டு நகராது. அவரிடம் படிக்க ஒன்றுமில்லை. புதிதாகக் கற்றுக்கொள்பவரோ எல்லாவற்றுக்கும் தயங்குவார். அவரிடமும் படிக்க ஒன்றுமில்லை! நடுத்தரமானவர்தாம் பாவம், திறந்த புத்தகமாக இருப்பவர்.

ஒரே தயக்கம், இரண்டு சட்டம்

இனி நியாயத்துக்கு வருவோம். உலகப் பிரிட்ஜ் கூட்டமைப்பு வெளியிடும் போட்டி விதிகளில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அது மாறவில்லை. ஆட்டக்காரர் சீரான வேகத்தில், மாறாத பாங்கில் ஆடுவது விரும்பத்தக்கது. தன்னையறியாமல் வேகம் மாறினால் அது குற்றமில்லை. அந்த மாற்றத்திலிருந்து எதிராளி ஊகம் செய்துகொள்ளலாம், ஆனால் ஊகம் தவறானால் நட்டம் அவருடையது. ஆக, நம் தெற்கத்தியவர் செய்தது முறையானதே.

ஆனால் அதே தயக்கத்தைக் கிழக்கில் இருப்பவரும் பார்த்தாரே, மேற்கின் கூட்டாளி! அவர் அதைப் பயன்படுத்தக் கூடாது. பார்க்காததுபோல் ஆட வேண்டும் என்பதோடு விதி நிற்பதில்லை. தமக்கு முன் நியாயமான இரண்டு வழிகள் இருந்து, கூட்டாளியின் தயக்கம் அவற்றுள் ஒன்றைச் சுட்டிக்காட்டுமானால், அந்த வழியை அவர் விலக்க வேண்டும். "தயங்காமல் இருந்திருந்தாலும் நான் இதைத்தான் செய்திருப்பேன்" என்று அவர் உண்மையாகவே சொல்லலாம். அதை ஏற்க மாட்டார்கள். ஒருவர் மனத்துக்குள் என்ன இருந்தது என்று நடுவரால் பார்க்க முடியாதல்லவா? அதனால் நடுவர் அதே தரமுள்ள வேறு சில ஆட்டக்காரர்களிடம் சீட்டுகளைக் காட்டி, தயக்கத்தைச் சொல்லாமலே, "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறார். அவர்களுள் சிலர் வேறு வழியைத் தேர்ந்தால் அதுவும் நியாயமான வழி என்றாகிறது. நேர்மையானவருக்கு இது கசப்பானதுதான். ஆனாலும் மனத்தை விசாரிக்காமல் செயலை மட்டும் விசாரிப்பது நல்ல ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. யாரையும் பொய்யர் என்று சொல்லாமலே தவறைத் திருத்திவிட முடிகிறது.

ஏன் இந்த வேறுபாடு? முப்பத்தெட்டுச் சொல் மொழியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கூட்டாளிகளுக்கிடையே கூடுதலாக ஒரு வழி திறந்தால் ஆட்டத்தின் உயிரே போய்விடும். எதிராளி படித்தாலோ, கசியவிட்டவருக்கே நட்டம்; ஆகவே தன்னை அடக்கிக்கொள்ள அவருக்கு ஒரு தூண்டுதல் உண்டாகிறது. போக்கர் ஆட்டத்தில் கூட்டாளியே இல்லை. அங்கே எதிராளியின் முகத்தைப் படிப்பதும், பொய்யாக முகத்தைக் காட்டுவதும் ஆட்டத்தின் பகுதி என்றே கொள்கிறார்கள்.

பொய்யாகத் தயங்கினால்?

ராணி இல்லாதபோது மேற்கு வேண்டுமென்றே தயங்கினால் தெற்கு ஏமாறுவார். இது தந்திரமா, தவறா? பிரிட்ஜ் விதி இதைத் தவறு என்கிறது. தன் கேள்வியாலோ பேச்சாலோ சைகையாலோ, வேகத்தாலோ தயக்கத்தாலோ எதிராளியை ஏமாற்ற முயலக் கூடாது. கையில் ஒரே ஒரு இஸ்பேட் மட்டும் வைத்துக்கொண்டு யோசிப்பதுபோல் நடிப்பது இதற்குச் சட்டமே எடுத்துக்காட்டும் குற்றம். ஆட்டத்தின்படி யோசிக்கக் காரணமே இல்லாத இடத்தில் ஒருவர் தயங்கி, அது தமக்குச் சாதகமாகலாம் என்று தெரிந்திருக்கக் கூடிய நிலையில், எதிராளி அதனால் வழி தவறினால், நடுவர் மதிப்பெண்ணை மாற்றி எழுதலாம்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: சீட்டால் பொய் சொல்லலாம்! ராஜாவும் ராணியும் கையில் இருக்கும்போது, ராணி போதுமான இடத்தில் ராஜாவைப் போட்டு எதிராளியைக் குழப்புவது பாராட்டப்படும் திறமை. சீட்டால் சொன்ன பொய் பெருமை, கையால் சொன்ன பொய் குற்றம். இது முரண்பாடாகத் தோன்றலாம். சீட்டால் சொல்லும் பொய்க்கு விலை உண்டு. போட்ட சீட்டு போனதுதான். சொந்தக் கூட்டாளியும் ஏமாறக் கூடும். தயக்கத்துக்கு விலையே இல்லை. விலையில்லாப் பொய்க்கு அனுமதி கொடுத்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சீட்டுக்கும் நடிப்பார்கள். அதனால் முதலில் அடிபடுபவர் யார் தெரியுமா? இயல்பாகவே மெதுவாக யோசிக்கும் நேர்மையானவர். அவர் தயக்கத்தையும் நடிப்பு என்றுதான் சந்தேகிப்பார்கள்.

உற்றுப் பார்ப்பதற்கும் எல்லை உண்டு. ஏலத்தின்போதும் ஆட்டத்தின்போதும் மற்றவரை வெறித்துப் பார்ப்பதும், அவர் கையில் எந்த இடத்திலிருந்து சீட்டை உருவுகிறார் என்று கவனிக்கப் பார்ப்பதும் முறைகேடு. பெரும்பாலோர் சீட்டுகளை வகை வாரியாக, பெரியது முதல் சிறியது வரை அடுக்கி வைப்பார்கள். ஓரத்திலிருந்து உருவினால் அதுவே ஒரு செய்தி. ஆனால் எதிராளி சீட்டைச் சாய்த்துப் பிடித்து, தற்செயலாக அது உங்கள் கண்ணில் பட்டுவிட்டால் அந்தத் தகவலைப் பயன்படுத்தலாம் என்று அதே விதி சொல்கிறது. சட்டம் அனுமதிக்கிறது. ஆயினும் "ஐயா, உங்கள் சீட்டு தெரிகிறது" என்று சொல்லிவிடும் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு சங்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் அதனால் சில ஆட்டங்களைத் தோற்றிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

முகத்தை உண்மையில் படிக்க முடியுமா?

"முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்" என்பவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அறிவியல் அவர்களுக்கு அவ்வளவு ஆதரவாக இல்லை. பாண்டு, டிபாலோ என்ற அமெரிக்க உளவியல் அறிஞர்கள் 206 ஆய்வு ஆவணங்களைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்று பிறர் சரியாகக் கண்டது 100க்கு 54 தடவைதான். நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும்!

2013இல் வெளியான வேறொரு சோதனை இன்னும் சுவையானது. தொழில்முறைப் போக்கர் ஆட்டக்காரர்கள் பந்தயம் கட்டும் படக்காட்சிகளை ஆய்வாளர்கள் மாணவர்களுக்குக் காட்டினார்கள். முகம் மட்டும் தெரிந்த காட்சிகளைப் பார்த்தவர்களால் சீட்டின் தரத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. கைகள் மட்டும் தெரிந்த காட்சிகளைப் பார்த்தவர்களோ குருட்டு ஊகத்தைவிட மேலாகச் சொன்னார்கள். முகத்தை அடக்கப் பயின்றவர்கள் கையை மறந்துவிட்டார்கள் போலும்! பிரிட்ஜிலும் தெற்கத்தியவர் படித்தது முகத்தையன்று, விரல்களை.

பியூனஸ் அயர்ஸில் எழுந்த வழக்கு

பிறர் உடலசைவைப் படிப்பது எவ்வளவு பெரிய விளைவுகளைக் கொண்டுவரும் என்பதற்கு 1965ஆம் ஆண்டு மே மாதம் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டி சான்று. பிரிட்டனின் டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷபீரோ இருவரும் 1955இல் உலகப் பட்டம் வென்ற அணியில் இருந்தவர்கள். உலகின் தலைசிறந்த ஜோடிகளுள் ஒன்று. அவர்களை எதிர்த்து ஆடிய அமெரிக்கர் பெக்கர், அவர்கள் சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவதைக் கவனித்தார். தம் கூட்டாளியான டாரதி ஹேடனிடமும், பத்திரிகையாளர் ஆலன் டிரஸ்காட்டிடமும் சொன்னார். அவர்கள் விரல் எண்ணிக்கைகளைக் குறித்துவைத்து, பிறகு சீட்டுப் பகிர்வுகளோடு ஒப்பிட்டார்கள். கையில் எத்தனை ஆட்டின் சீட்டுகள் உள்ளன என்பதையே விரல்கள் சொல்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள்.

உலகக் கூட்டமைப்பு இருவரையும் குற்றவாளிகள் என்றது. இருவரும் மறுத்தார்கள். பிரிட்டனில் சர் ஜான் ஃபாஸ்டர் தலைமையில் தனி விசாரணை நடந்தது. 1966இல் அது, குற்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்று விடுவித்தது. விரல்களைப் பற்றிய சாட்சியம் வலுவாக இருந்தது. ஆனால் அவர்கள் கேட்ட ஏலத்திலும் போட்ட சீட்டுகளிலும், கூட்டாளியின் ஆட்டின் எண்ணிக்கையை முன்பே அறிந்தவர்கள் ஆடியதுபோன்ற அடையாளம் இல்லை என்று வாதிடப்பட்டது. இன்றும் இரு கட்சியிலும் பேசுபவர்கள் இருக்கிறார்கள்.

இளம் அறிவியலாளர் ஒருவர் இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது, கருதுகோள் எப்போது தோன்றியது என்பதை. சீட்டுகளைப் பிடிக்கும் எவரும் ஏதோ சில விரல்களால்தான் பிடிக்க வேண்டும். தரவுகளைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பொருந்தும் விதியைத் தேடினால், தேடும் மூளை ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்தே தீரும். மேகத்தில் யானை தெரிவது போல. கண்ட விதியை அப்படியே எழுதி வைத்துவிட்டு, இனி வரப்போகும் புதிய ஆட்டங்களில் முன்கூட்டியே சொல்லிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. ஒவ்வோர் ஆட்டத்திலும் தற்செயலாகப் பொருந்த அரைக்கு அரை வாய்ப்பு உண்டென்றால், பத்து ஆட்டங்களில் தொடர்ந்து பொருந்தும் வாய்ப்பு 1024இல் ஒன்று. இருபது ஆட்டமானால் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2015இல், நார்வே ஆட்டக்காரர் போய் புரோகெலாண்ட் ஓர் இஸ்ரேலிய ஜோடிமேல் குற்றம் சாட்டியபோது இந்தச் சோதனைக்கு வழி இருந்தது. போட்டிகளின் வீடியோக்கள் இணையத்தில் யாரும் பார்க்கும்படி கிடந்தன. சீட்டுப் பலகையை மேசையில் எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதற்கும், கூட்டாளி எந்த வகைச் சீட்டை இறக்க வேண்டும் என்பதற்கும் தொடர்பிருப்பதாகச் சொல்லப்பட்டது. பல நாட்டவரும் வெவ்வேறு ஆட்டங்களைப் பார்த்துச் சரிபார்த்தார்கள். ஐரோப்பிய பிரிட்ஜ் லீக் 2016இல் அந்த ஜோடிக்குத் தண்டனை விதித்தது.

திரையும் பெட்டியும்

மனிதரைத் திருத்துவதைவிட மேசையைத் திருத்துவது எளிது. குரலின் ஏற்ற இறக்கம் செய்தி சொல்கிறதா? வாயைத் திறக்காமலே, 38 சொற்களும் அச்சடித்த அட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்து ஏலம் கேட்கும் முறை வந்தது. இது ஸ்வீடன் நாட்டவர் தந்த கொடை. ஏலத்தில் ஒருவர் திடீரென்று உயரத் தாவிக் கேட்கும்போது, அடுத்தவர் யோசிக்க விஷயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுமார் 10 விநாடி காத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. எல்லோரும் எப்போதும் தயங்கினால் எந்தத் தயக்கத்துக்கும் பொருளில்லை அல்லவா?

1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அதே போட்டியில் இத்தாலிய ஜோடி ஒன்று மேசைக்கு அடியில் காலால் கூட்டாளியைத் தொட்டதாகப் புகார் எழுந்து, கண்டிக்கப்பட்டது. பிறகு மேசையின் அடியிலும் தடுப்பு வந்தது! திரையின் அமைப்பை ஊன்றிக் கவனியுங்கள். அது கோணலாக நின்று, ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவரையும் அவருடைய எதிராளி ஒருவரையும் விடுகிறது. கூட்டாளியின் முகம் மறைகிறது, எதிராளியின் முகம் தெரிகிறது. இரண்டு சட்டங்களையும் ஒரு மரப்பலகை நிறைவேற்றி வைக்கிறது.

கணினியும் இதே நோயால் வருந்தியதுண்டு. 1996இல் பால் காச்சர் என்ற அமெரிக்கர், இரகசிய எழுத்து முறைகளைக் கையாளும் கணினி ஒவ்வொரு கணக்குக்கும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதை மட்டும் அளந்தே உள்ளிருக்கும் இரகசியத் திறவுகோலைக் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார். சில எண்களுக்கு வேலை அதிகம், சிலவற்றுக்குக் குறைவு. நேரம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதன்பின் பொறியாளர்கள் தேடிய மருந்துகளுள் ஒன்று, எந்த எண் வந்தாலும் ஒரே நேரம் எடுக்கும்படி நிரல் எழுதுவது. பிரிட்ஜ் விதி சொல்லும் 'சீரான வேகம்' இதுதான்!

யோசித்துப் பாருங்கள்

1. மேற்கில் இருப்பவருக்கு வயது எழுபத்தைந்து. நோயினால் அவர் கை எப்போதும் நடுங்கும்; முக்கியமான சீட்டு கையில் இருக்கும்போது நடுக்கம் கூடுகிறது என்பதை நீங்கள் கண்டுகொண்டீர்கள். விதி உங்களைத் தடுக்கவில்லை. பயன்படுத்துவீர்களா?

2. நீங்கள் கிழக்கு. கூட்டாளி அரை நிமிடம் யோசித்து 'பாஸ்' சொன்னார். உங்கள் சீட்டுகளை வேறு பத்துப் பேரிடம் காட்டினால் ஐந்து பேர் ஏலம் கேட்பார்கள், ஐந்து பேர் 'பாஸ்' சொல்வார்கள். அந்தத் தயக்கத்துக்கு முன்பே ஏலம் கேட்பது என்று நீங்கள் முடிவு செய்திருந்தீர்கள். இப்போது என்ன செய்வீர்கள்? உங்களுக்காக அன்றி, மேசையில் உள்ள மற்ற மூவருக்காகவும் காரணத்தை எழுதுங்கள்.

3. மேலே போட்ட பேயஸ் கணக்கில் மேற்கு, ராணி இல்லாதபோது 100க்கு 60 தடவை தயங்குபவர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ராணி இருக்கும்போது பழையபடி 40 தடவைதான். தயக்கத்தைக் கண்ட தெற்கு இப்போது ஜாக்கியை ஓட விடுவாரா, ராஜாவை எடுப்பாரா?